அகப்பைத் தண்ணீர்

கார்த்தேஜ் துறைமுகத்துக்குப் பின்னால், மீன் ஊறல் போடும் கொட்டகைகளைத் தாண்டினால் சலவைக்காரர் தெரு. அங்கே அரிஷத்தைத் தெரியாதவர் கிடையாது. முகம் தெரியாதவருக்கும் குரல் தெரியும். தொட்டியில் இறங்கித் துணி மிதிக்கும்போது அவள் பாடுகிற பாட்டு தெருமுனை வரை கேட்கும். இனிமையான குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தாளம் தப்பாது. அவள் பாட்டுக்கு மிதித்தால் கால் வலி தெரியாது என்று பக்கத்துத் தொட்டிக்காரர்கள் சொல்வார்கள்.

அவள் பிறந்தது உள்நாட்டில், ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே. வயதுக்கு வந்ததும் ஒரு படகுக்காரனுக்குக் கட்டிக்கொடுத்து நகரத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் படகும் திரும்பவில்லை, படகுக்காரனும் திரும்பவில்லை. பிள்ளை குட்டி இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய் அண்ணன் பெண்டாட்டியிடம் கை நீட்டுவதைவிடக் காலை நம்பிப் பிழைக்கலாம் என்று சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். தெருமுனைச் சாடிகளில் சேர்ந்த மூத்திரம் முதல் தொட்டியில். வெள்ளை மண் கரைத்த தண்ணீர் அடுத்ததில். அப்புறம் அலசல், அதற்குப் பிறகு வெள்ளை ஏறக் கந்தகப் புகை. இருபது வருஷத்தில் அவள் பாதம் மரப்பட்டை மாதிரி ஆனது. ஆனால் நகரசபைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கிகள் அவள் கையால் புகை போட்டுத்தான் வரவேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அது அவளுக்கும் தெரியும். முதலாளியிடம் அவள் பேசுகிற பேச்சிலேயே அது தெரியும்.

பக்கத்துத் தொட்டியில் மிதித்தவன் மத்தான். அதே முதலாளியிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்று, அதே தொட்டியில் கூலிக்கு நின்றவன். அதிகம் பேசமாட்டான். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேலை முடிந்ததும் முகம் கழுவி, தலை வாரி, அவசரமாகக் கிளம்புவான்.

“எந்தப் பொம்பள வீட்டுக்குண்ணே இந்த அலங்காரம்?” என்று அரிஷத் ஒருநாள் கேட்டாள்.

“ஒருத்தி இல்ல, நெறையப் பேரு. ஆம்பளைங்களும் இருக்காங்க. என் பொண்டாட்டியும் அப்பப்ப வர்றா. நீயும் வாயேன்.”

போனாள். தானிய வியாபாரி ஒருவரின் வீட்டு மாடி, கிறிஸ்தவர்கள் கூடுகிற இடம். உள்ளே நுழைந்ததும் அவள் பார்த்தது ஒன்றுதான். அந்த வியாபாரியின் மனைவி எழுந்து, “உக்காருங்கண்ணே” என்று மத்தானுக்குத் தன் இடத்தைக் கொடுத்தாள். அன்று என்ன வாசித்தார்கள், என்ன போதித்தார்கள் என்று அரிஷத்துக்கு நினைவில்லை. அந்த ‘அண்ணே’ மட்டும் வீடு வரை கூடவே வந்தது. தன் மேல் அடிக்கிற வாடைக்குப் பயந்து அன்று அவள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் அந்த அம்மாள் கதவோரம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கைச் சுளிக்கவுமில்லை, முந்தானையால் மூடவுமில்லை.

அப்படித்தான் அவள் கேட்போரில் ஒருத்தி ஆனாள். ஞானஸ்நான முழுக்குப் பெறாதவர்களுக்கு அந்தப் பெயர். மூன்று வருஷம் கேட்க வேண்டும். எப்படி வாழ்கிறாய், விதவைகளைப் பார்த்தாயா, நோயாளிகளிடம் போனாயா என்று விசாரிப்பார்கள். வாசிப்பும் போதனையும் முடிந்ததும் கதவுக்காரர் ரொகாத்து எழுந்து நிற்பார். கேட்போர் வெளியே போக வேண்டும். பின்னால் தாழ்ப்பாள் விழும். அதற்கு மேல்தான் ஜெபமும், இறந்தவர்களின் பெயர் வாசிப்பும், அப்பம் பிட்பதும். அவையெல்லாம் தண்ணீரில் மூழ்கி எழுந்தவர்களுக்கு.

உள்ளே குழந்தையை அறுத்துத் தின்கிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சலவைக்கூடத்தில் ஒருத்தி அதையே அரிஷத்திடம் கேட்டாள்.

“மூணு வருஷமா கதவுக்கு வெளிய நிக்கிறேன், ஒரு கொழந்த அழுத சத்தம் கேக்கல” என்றாள் அரிஷத். “ரொட்டியப் பிட்டுத் திங்கிறதுக்குத்தான் இவ்வளவு பெரிய தாழ்ப்பாள். உன் வீட்டு ரொட்டிக்கு வேணும்னா பூட்டு வேணாம், எவனும் தொடமாட்டான்.”

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்தத் தாழ்ப்பாள் சத்தம் அவளுக்கு ஒவ்வொரு வாரமும் நெஞ்சில் விழுந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சத்தம் கேட்கும்போது தான் உள்ளே இருக்க வேண்டும். வருஷா வருஷம் பாஸ்கா என்ற உயிர்ப்புத் திருநாளுக்கு முன்னால், தண்ணீரிலிருந்து ஏறுகிறவர்கள் உடுத்தும் வெள்ளைத் துணிகளை அவள்தான் வெளுத்துக் கொடுத்தாள். முதலாளிக்குத் தெரியாமல் இரட்டைப் புகை போடுவாள். மூன்றாம் வருஷம் தனக்கும் ஒன்று நெய்து, வெளுத்து, பெட்டியில் வைத்தாள். மத்தானுக்கும் ஒன்று. இருவருக்கும் அந்தப் பாஸ்காவில்தான் முழுக்கு என்று முடிவாகியிருந்தது. அந்த வசந்தத்தில் சலவைக்காரர்கள் மினர்வா தேவிக்கு எடுக்கிற விழாவுக்கு இருவரும் போகவில்லை. முதலாளி முணுமுணுத்தார். ஆனால் தன் கூடத்தின் நல்ல கால்கள் நான்கையும் ஒரே நாளில் விரட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை.

பாஸ்காவுக்குக் கொஞ்சம் முன்னால் காய்ச்சல் வந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு படுத்தார்கள். அரிஷத்தும் மத்தானும் ஒரே நாளில் விழுந்தார்கள். மூன்றாம் நாள் இருவருக்கும் கண் சொருகிவிட்டது. செய்தி கேட்டு, சபையின் உதவிக்காரர் யாதேர் ஓடி வந்தார். கடலுக்குத் தூக்கிப் போனால் வழியிலேயே உயிர் போய்விடும். அரிஷத் வீட்டு மூலையில் ஒரு குடத்தில் தண்ணீர் இருந்தது. கையில் அகப்பட்டது கஞ்சி அகப்பை. பிதாவை நம்புகிறாயா என்று கேட்டு ஓர் அகப்பை, குமாரனை நம்புகிறாயா என்று கேட்டு ஒன்று, பரிசுத்த ஆவியை நம்புகிறாயா என்று கேட்டு ஒன்று, தலையில் ஊற்றினார். பிறகு அதே குடத்தையும் அதே அகப்பையையும் எடுத்துக்கொண்டு அடுத்த சந்திலிருந்த மத்தான் வீட்டுக்கு ஓடினார்.

மத்தான் அன்று சாயங்காலமே இறந்துபோனான். அவன் மனைவி ஸ்பெசினா, அவனுக்கென்று வெளுத்து வைத்திருந்த துணியை உடுத்தியே அவனைப் புதைத்தாள். அரிஷத் பிழைத்தாள்.

பாஸ்கா கழிந்து, கைத்தடி ஊன்றி நடக்கிற தெம்பு வந்ததும் அவள் மாடிக்குப் போனாள். போதனை முடிந்தது. ரொகாத்து எழுந்து நின்றார். கேட்போர் வெளியே போனார்கள். அரிஷத் அசையவில்லை. ரொகாத்து பக்கத்தில் வந்து குனிந்தார்.

“அக்கா, நேரமாச்சு.”

“யாருக்கு?”

“கேக்குறவங்க வெளிய போற நேரம்.”

“போகட்டும். நான் கேட்டு முடிச்சாச்சு.”

ரொகாத்து சங்கடமாக, சபையை நடத்துகிற மூப்பர் கிரெஸ்கனைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “அகப்பையில ஊத்துனத வச்சு எப்படிக்கா? நீங்க தண்ணில எறங்கல. மேற்க பாத்து நின்னு சாத்தான விட்டேன்னு சொல்லல. கரையேறினதும் குடுக்குற பால் தேன் குடிக்கல. நான் எறங்கினது விடிகாலக் குளிர்ல. பல்லு கிட்டிப்போயி என்னத் தூக்கிட்டு வந்தாங்க.”

“அதுக்கு நான் என்னண்ணே பண்றது? எனக்கும் பல்லு கிட்டித்தான் போச்சு. உங்களுக்குக் குளிர், எனக்குக் காய்ச்சல்.”

சிலர் சிரித்தார்கள். கிரெஸ்கன் சிரிக்கவில்லை. அவர் அவசரப்படாத மனிதர். இன்றைக்கு வெளியே இரும்மா, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அரிஷத் எழுந்து போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அதற்குப் பிறகு சபையில் வாரக்கணக்கில் இதே பேச்சு. ஓடுகிற தண்ணீர் வேண்டும், அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் முடியாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும், அப்படித்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள் என்றார் யாதேர். அது தண்ணீர் இல்லாத ஊருக்குச் சொன்னது, நமக்குக் கண்ணெதிரே கடல் கிடக்கிறது என்றார் ரொகாத்து. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய பயத்திலும் நியாயம் இருந்தது. படுக்கையில் ஊற்றினால் போதும் என்று ஆகிவிட்டால் எவன் மூன்று வருஷம் கேட்பான், இஷ்டப்படி வாழ்ந்துவிட்டு மூச்சு இழுக்கும்போது அகப்பையைக் கொண்டுவா என்பானே என்று கேட்டார். பொடிப்பயல்கள் அவளை ‘அகப்பை அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்து, என்ன கஞ்சி வேணும் என்று கேட்பாள்.

கடைசியில் கிரெஸ்கன் ஒரு வழி கண்டார். சலவைக்கூடத்துக்கே வந்து, அங்கியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டியருகே நின்று சொன்னார். பாஸ்காவிலிருந்து ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தே அன்று இன்னும் சிலர் இறங்குகிறார்கள். அவர்களோடு அவளும் இறங்கட்டும். சந்தேகம் தீர்ந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

அரிஷத் மறுபேச்சில்லாமல் சரி என்றாள். உண்மையில் அவளுக்கு அது ஆசையாகவே இருந்தது. மூன்று வருஷம் மற்றவர்களுக்கு வெளுத்துக் கொடுத்தவள். மற்றவர்கள் தண்ணீரிலிருந்து எழுந்து வரும் முகத்தைப் பார்த்தவள். படுக்கையில் நடந்தது அவளுக்குப் பாதிதான் நினைவிருந்தது. இந்த முறை முழு நினைவோடு இறங்கி, வெள்ளை உடுத்தி, பாலும் தேனும் குடிக்கலாம். அன்று அவள் பாட்டுக்கு எல்லாத் தொட்டியும் ஆடியது. தன் வழக்கிலேயே மூழ்கியிருந்தவள், ஸ்பெசினாவைக் கவனிக்கவில்லை.

ஸ்பெசினாவும் கேட்போரில் ஒருத்தி, இவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் சேர்ந்தவள். அவளும் அந்தப் பெந்தெகொஸ்தேயில்தான் இறங்க இருந்தாள். ஒவ்வொரு வாரமும் கூட்டம் முடிந்து கதவு திறக்கும் வரை தெருவில் நின்று, இறங்கி வருகிறவர்களிடம் ஒரே கேள்வி கேட்பாள்: “அவர் பேர வாசிச்சாங்களா?” யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. அகப்பை விஷயம் தீராததால் மத்தானின் பெயர் வாசிக்கப்படாமல் இருந்தது.

பெந்தெகொஸ்தே வந்தது. விடிகிற நேரத்தில், மீன் ஊறல் கொட்டகைகளுக்கு அப்பாலுள்ள சின்னக் குடாவுக்கு எல்லாரும் போனார்கள். அந்த நாற்றத்துக்குப் பயந்து வேறு யாரும் அங்கே வருவதில்லை. அங்கே நின்ற ஒரு படகிலிருந்து பாறை வரை ஒரு பழைய பாய்த்துணியைக் கட்டிப் பெண்களுக்கு மறைப்புப் போட்டிருந்தார்கள். மறைப்புக்கு உள்ளே வியாபாரியின் மனைவியும் மற்றப் பெண்களும் உதவிக்கு நின்றார்கள். இறங்குகிறவர்கள் தோட்டைக் கழற்ற வேண்டும், காப்பைக் கழற்ற வேண்டும், கொண்டையை அவிழ்த்துத் தலைமுடியை முழுக்க விரித்துவிட வேண்டும். பழசு எதுவும் உடம்போடு தண்ணீருக்குள் போகக்கூடாது. மறைப்புக்கு வெளியே ஆண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாதேரின் கேள்வியும், நம்புகிறேன் என்ற பதிலும், தண்ணீர் சிதறும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

அரிஷத் முடியை அவிழ்த்துவிட்டு, காப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்பெசினா மெதுவாக அவள் கையைத் தொட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“சொல்லு.”

“நீங்க எறங்கி எந்திரிச்சதும், இன்னொரு தடவ முங்கிடுங்க. அவருக்காக. மனசுக்குள்ள அவர் பேரச் சொல்லிக்கிட்டா போதும்.”

அரிஷத்துக்கு முதலில் விளங்கவில்லை. “ஏண்டி, செத்தவனுக்கு நான் எப்படி முங்குறது?”

“வேற என்ன பண்ணுவேன்? உங்களுக்கு ஊத்துனது செல்லாதுன்னுதான இப்ப எறங்குறீங்க. அதே தண்ணிதான அவருக்கும். நீங்க பொழச்சுட்டீங்க, மறுபடி எறங்கலாம். அவர் எங்கக்கா போவாரு?” ஸ்பெசினா அழவில்லை. யோசித்து யோசித்து ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவளாகப் பேசினாள். “நானே முங்கலாம்னு பாத்தேன். ஆனா எனக்கு மூச்சு பத்தாது. உங்களுக்குத்தான் பெரிய நெஞ்சு.”

கழற்றிய காப்பு அரிஷத்தின் உள்ளங்கையில் இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை என்று மூப்பர் சொன்னார். தானும் சரி என்று சொல்லிவிட்டோம். நஷ்டப்பட்டவன் எழுந்து வந்து கேட்க முடியாதவன் என்பதால் அது யார் கணக்கிலும் வரவில்லை. இருபது வருஷம் பக்கத்துத் தொட்டியில் மிதித்தவன். தன்னை அந்த மாடிக்குக் கூட்டிப்போனவன். இப்போது தான் தண்ணீரில் இறங்கினால், அவன் வெளியிலேயே நின்றபடி செத்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னதாகிவிடும்.

காப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். விரித்த முடியை அள்ளி முடிந்தாள்.

“என்னக்கா பண்றீங்க?” என்றாள் ஸ்பெசினா.

“நீ முங்கு. உனக்கு மட்டும் முங்கு. அவர் கணக்கு முடிஞ்சுபோச்சு.”

மறைப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆண்கள் ஏறி முடித்திருந்தார்கள். கிரெஸ்கன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். யாதேர் பக்கத்தில். கரையில் ரொகாத்து துணிகளை வைத்துக்கொண்டு நின்றார். முடிந்த கொண்டையும் உடுத்திய துணியுமாக வந்தவளை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஐயா, நான் எறங்கல” என்றாள் அரிஷத்.

“உடம்பு முடியலையாம்மா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாள் பூரா தொட்டியில நிக்கிறவ, எனக்கென்ன தண்ணிக்குப் பஞ்சம்? எறங்கணும்னு எனக்கு ஆசைதான். ஆனா முழுக்குன்னா செத்து எந்திரிக்கிறதுன்னு நீங்கதான சொல்லித் தந்தீங்க, நான் அன்னைக்கே செத்து எந்திரிச்சிட்டேன். மத்தான் அண்ணனும் செத்தாரு. அவரு எந்திரிச்சது நமக்குத் தெரியல, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே குடம், ஒரே அகப்பை. என்னோடது செல்லாதுன்னா அவரோடதும் செல்லாது. அவரோடது செல்லும்னா நான் எதுக்கு மறுபடி எறங்கணும்? ஒரு ஆளு ஒரு தடவதான் சாவாங்க. என்னை வெளிய நிக்கச் சொன்னா நிக்கிறேன், எனக்குப் பழக்கம்தான். ஆனா எறங்கமாட்டேன்.”

அலை வந்து கிரெஸ்கனின் மார்பில் மோதிப் போனது. அவர் யாதேரைத் திரும்பிப் பார்த்தார். “ஒரே குடம்தானா?”

“ஒரே குடந்தான் ஐயா.”

“கேள்வி கேட்டப்ப நீ என்னம்மா சொன்ன?”

“மூணு தடவையும் நம்புறேன்னு சொன்னேன். எனக்குப் பாதிதான் ஞாபகம். என் வீட்டுக்குக் கீழ இருக்குற கடைக்காரனக் கேளுங்க, நான் கத்துன கத்துல மேல என்ன சண்டைன்னு ஓடி வந்தானாம்.”

“மத்தான்?”

“வாய் எழும்பல” என்றார் யாதேர். “மூணு தடவையும் கையத் தூக்கினாரு. மூணாவது தடவ தூக்குன கை என் தோள்லதான் விழுந்துச்சு.” இதை அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கிரெஸ்கன் சபைக்கு மூப்பர். இதில் அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் அது நிற்கும். அது தெரிந்துதான் இத்தனை வாரம் சொல்லாமல் இருந்தார். ரொகாத்துவின் பயமும் அவருக்கு இருந்தது. ஆனால் கையை மூன்று முறை தூக்கியவனை வெளியே நிறுத்த அவருக்கு வாய் வரவில்லை.

“அப்ப நீ இங்க நிக்காதம்மா” என்றார் கடைசியில். “மறைப்புக்குள்ள போ. ஸ்பெசினா ஏறி வரும்போது துணி சுத்தி அணைச்சுக்க, முழுக்கு எடுத்த பொம்பள ஒருத்தி வேணும்.”

அரிஷத் உள்ளே போனாள். ஸ்பெசினா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், இப்போதுதான். மேற்கே திரும்பி நின்று சாத்தானை விட்டாள். கிழக்கே, சூரியன் ஏறுகிற பக்கம் திரும்பி நின்று நம்பினாள். பெண்கள் கைபிடித்து இறக்கிவிட்டார்கள். மூன்று முறை மூழ்கினாள். அதற்கு மேல் மூழ்கவில்லை. மூச்சு தாராளமாகவே இருந்தது.

ஏறி வந்தவளுக்கு உடுத்த அவள் கொண்டுவந்திருந்த துணியை அரிஷத் விரித்துப் பார்த்தாள். யாரிடமோ இரவல் வாங்கியது. மஞ்சள் பூத்திருந்தது.

“இத எவ வெளுத்தா?” என்றாள். அதைச் சுருட்டி மணலில் போட்டுவிட்டு, தன் மூட்டையைப் பிரித்து, தனக்கென்று நெய்து இரட்டைப் புகை போட்ட துணியை எடுத்து ஸ்பெசினாவுக்குச் சுற்றினாள். நீளம் கொஞ்சம் அதிகம். இடுப்பில் மடித்துச் செருகிவிட்டாள்.

மாடியில் அன்று கூட்டம் அதிகம். அரிஷத் வழக்கம்போலக் கதவோரம் உட்கார்ந்தாள், கந்தக வாடை அடிக்கிற வேலைத் துணியோடு. போதனை முடிந்ததும் ரொகாத்து எழுந்தார். கேட்போர் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். எல்லாரும் போனபின் அவர் அரிஷத்தின் பக்கம் திரும்பினார். அவர் இரண்டு கையிலும் அப்பக் கூடை இருந்தது.

“அக்கா, கதவுகிட்டதான இருக்கீங்க. அந்தத் தாழ்ப்பாளப் போட்டுடுங்க.”

அவள் எழுந்து போட்டாள். நினைத்ததைவிட இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. மூன்று வருஷம் வெளியிலிருந்து கேட்ட சத்தம் உள்ளேயும் அதே சத்தம்தான்.

“எண்ணெ போடணும்ணே இதுக்கு” என்றாள்.

“அடுத்த வாரம் கொண்டாங்க” என்றார் ரொகாத்து.

கிரெஸ்கன் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். கடைசியாக, கொஞ்சம் நிறுத்தி, மத்தான் என்றார். புது வெள்ளையில் முன்வரிசையில் இருந்த ஸ்பெசினாவின் முதுகு நிமிர்ந்தது. பிறகு அப்பம் வந்தது. அன்று இறங்கியவர்களுக்கு மட்டும் பாலும் தேனும் கலந்த கிண்ணம் போனது. அது கதவோரத்துக்கு வரவில்லை. தேன் வாசனை மட்டும் வந்தது. அரிஷத் தன் பங்கு அப்பத்தை இரு கையாலும் வாங்கி, அவசரமில்லாமல் மென்று தின்றாள்.